ஹெட்போனை மாட்டு... ஸ்க்ரீனைக் கவுத்து வை!

ஹீரோ கிடையாது. இன்டர்வெல் கிடையாது. 'படம் பார்த்தாதான் பாட்டோட ஃபீல் புரியும்'னு சமாளிக்க ஒரு படமே கிடையாது. மூணு, நாலு நிமிஷத்துக்கு ஒரு பாட்டு... கூடவே ஒரு வீடியோ. அவ்வளவுதாங்க சிங்கிள்!

சினிமாப் பாட்டு சுமாரா இருந்தா நாம ஈஸியா மன்னிச்சு விட்டுருவோம். 'சிச்சுவேஷன் அப்படி மச்சி', 'மான்டேஜ் சாங்டா, அப்படித்தான் இருக்கும்'னு நாமே வக்கீலா மாறி வாதாடுவோம். சிங்கிளுக்கு அந்தச் சலுகை எல்லாம் இல்லை. சொந்தக் கால்ல நின்னே ஆகணும். ஆனா, நடுவுல வீடியோன்னு ஒருத்தர் வந்து முட்டுக் கொடுத்துடறார். அழகான பொண்ணு, ஸ்மார்ட்டான பையன், ஒரு ஸ்டெப், நாலு ட்ரோன் ஷாட்... பாட்டு நல்லா இருந்துச்சா, இல்லை பார்க்கத்தான் நல்லா இருந்துச்சான்னு யோசிக்கிறதுக்குள்ள கை ஷேர் பட்டனைத் தட்டிடுது.

எலெக்ட்ரானிக்ஸ் லேப்ல ஒரு பழக்கம் உண்டு. சர்க்யூட் வேலை செய்யலைன்னா மொத்த போர்டையும் முறைச்சுப் பார்த்துட்டு இருக்கறதுல பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு பார்ட்டா பிரிச்சு மல்ட்டிமீட்டரை வைக்கணும். அதே டெக்னிக்கை சிங்கிள்ஸ் மேல போட்டுப் பார்த்தேன். முதல் ரவுண்ட், போனைக் கவுத்து வெச்சுட்டு பாட்டு மட்டும். ரெண்டாவது ரவுண்ட், சத்தமே இல்லாம வீடியோ மட்டும். மூணாவது ரவுண்ட்லதான் ரெண்டும் சேர்ந்து. (சத்தமே வராத டான்ஸை நடு ராத்திரி ஹாஸ்டல் வராந்தாவுல ஒருத்தர் மூஞ்சியை உம்முனு வெச்சுக்கிட்டுப் பார்த்தா என்ன ஆகும்? ஃப்ரெண்ட்ஸ் வந்து 'வீட்ல ஏதாவது பிரச்னையா?'னு விசாரிப்பாங்க. விசாரிச்சாங்க!)

முதல் கேண்டிடேட், சாய் அபயங்கர். நம்ம ஜெனரேஷன் ஆளு. பாடகர்கள் திப்பு - ஹரிணி வீட்டுப் பிள்ளை. 2024 ஜனவரியில 'கட்சி சேர' வந்து, அந்த வருஷம் நடந்த பாதி காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல இதுக்கு ஆடாத டீமே இல்லைங்கிற அளவுக்குப் பட்டையைக் கிளப்புச்சு. கவுத்து வெச்ச போன்ல கேட்டாலும் பாட்டு தப்பிக்குது. பீட் சீக்கிரமே வந்து உட்கார்ந்துடுது, ட்யூன் ஒருதரம் கேட்டதுமே வாய்ல ஒட்டிக்குது. மியூட்ல பார்த்தா சம்யுக்தா விஸ்வநாதனோட ஆட்டம் தனியா நிக்குது. ஆக, ரெண்டு ரவுண்டும் பாஸ்!

அதே வருஷம் வந்த 'ஆச கூட'தான் என்னோட சாய்ஸ். காரணம், வீடியோவுல இருக்கற ப்ரீத்தி முகுந்தன் இல்லை (சத்தியமா!). சாயோட தங்கச்சி சாய் ஸ்ம்ருதியோட குரல்தான். அதுவரைக்கும் ஒருத்தர் தனியா புலம்பிக்கிட்டு இருந்த மாதிரி போற பாட்டு, அந்தக் குரல் வந்ததும் ரெண்டு பேர் பேசிக்கிற பாட்டா மாறிடுது. கண்ணை மூடிட்டுக் கேட்டாத்தான் இந்த மேட்டரே பிடிபடுது. வீடியோ பார்க்கும்போது கண்ணு ஸ்டெப்புல இருக்கறதால காது அதைக் கோட்டை விட்டுடுது.

2025-ல வந்த 'சித்திர புத்திரி'ல மீனாட்சி சௌத்ரி. பேருக்கு ஃபுல் மார்க் கொடுக்கலாம், வார்த்தை விளையாட்டு அழகு. பாட்டு மட்டும் எனக்கு ஏற்கெனவே எழுதின எக்ஸாமைத் திரும்ப எழுதின மாதிரிதான் இருந்துச்சு. மூணு வீடியோவையும் வரிசையா மியூட்ல பார்த்தா ஒரு ஃபார்முலா பளிச்சுனு தெரியுது. பாட்டுக்கு ஒரு ஹீரோயின், ஹீரோயினுக்கு ஒரு ஸ்டெப், பக்கத்துல மியூசிக் டைரக்டரே ஹீரோ. அந்தப் பொண்ணு யாரு, என்ன படிக்கிறா, எங்க போறா, எதுக்குச் சிரிக்கிறா... ம்ஹூம். அவ ஆடறதுக்காக வந்திருக்கா, அவ்வளவுதான். சினிமாவுல இல்லாத சுதந்திரம் சிங்கிள்ல இருக்குன்னு சொல்லிட்டு, சினிமா டூயட்டையே நாலு நிமிஷப் பாக்கெட்ல போட்டுத் தர்றது என்ன நியாயம் பாஸ்?

பாட்டு ஆரம்பிச்ச வேகத்துல கொக்கி போடறதுக்கும் ஒரு காரணம் இருக்கு. ஸ்பாட்டிஃபை மாதிரி இடங்கள்ல 30 செகண்ட் கேட்டாத்தான் அதை ஒருதரம் கேட்டதாவே கணக்குல எடுத்துக்கறாங்க. 29-வது செகண்ட்ல நீங்க ஸ்கிப் பண்ணா, பாடினவங்களுக்குப் பட்டை நாமம்! ரீல்ஸுக்கு வெட்டறதுக்கு வசதியா ஒரு துண்டும் வேணும். அப்புறம் எங்க இருந்து வரும் நீளமான ப்ரிலூட்? நம்ம அப்பாக்கள் காலத்துப் பாட்டுல வயலின் எல்லாம் நிதானமா நடந்து வந்து, கதவைத் தட்டி, உள்ளே வரட்டுமான்னு கேட்டுட்டு வரும். இப்ப எல்லாருமே ஓடற பஸ்ல ஏறுறாங்க.

அப்புறம் சாய் என்ன ஆனார்? மலையாளத்துல 'பல்டி', தமிழ்ல பிரதீப் ரங்கநாதனோட 'ட்யூட்', சூர்யாவோட 'கருப்பு'னு படங்கள் கைக்கு வந்துருச்சு. சந்தோஷம்தான். ஆனா, ஒரு டவுட். சிங்கிள்ங்கிறது தனியா ஒரு ரூட்டா, இல்லை கோடம்பாக்கம் நடத்துற கேம்பஸ் இன்டர்வியூவா? இது இன்னிக்கு நேத்து கதை இல்லை. மலேசியாவுல இருந்து யோகி பி & நட்சத்ரா 2006-ல 'வல்லவன்' ஆல்பத்தை இறக்கினாங்க. இளையராஜாவோட 'நிழல்கள்' படப் பாட்டை எடுத்து, 'மடை திறந்து'ன்னு ராப்ல புரட்டிப் போட்டாங்க. அடுத்த வருஷமே யோகி பி 'பொல்லாதவன்'ல பாடிட்டு இருந்தார். 2011-ல 'க்ளப்புல மப்புல'ன்னு கிளம்பின கோயம்புத்தூர் ஆதி, 2015-ல 'ஆம்பள' மியூசிக் டைரக்டர், 2017-ல 'மீசைய முறுக்கு' ஹீரோ. (அந்த 'க்ளப்புல மப்புல'வை இன்னிக்குக் கேட்டா நெளியத்தான் வேண்டியிருக்கு. பொண்ணு என்ன போடணும், என்ன குடிக்கக் கூடாதுன்னு அட்வைஸ் பண்ண எங்க க்ளாஸ்லயே நாலு பேர் இருக்காங்க, அதுக்கு பீட் வேற எதுக்கு?)

2021 லாக்டவுன் சீஸன்ல வந்த 'குட்டி பட்டாஸ்', 'அஸ்கு மாரோ' வகையறாவை வேகமாத் தாண்டிடலாம். டி.வி-யில ஹிட்டான முகங்களை வெச்சு கலர்ஃபுல்லா எடுத்த வீடியோக்கள். வீட்ல அடைஞ்சு கிடந்த நமக்கு அன்னிக்கு அது ஜில்லுனு இருந்துச்சு. போனைக் கவுத்து வெச்சா... சாரி, எந்தப் பாட்டு எதுன்னே எனக்குக் குழம்பிடுச்சு.

'இனிமேல்' கதை வேற. 2024 மார்ச். கமல்ஹாசன் எழுதி, ஸ்ருதி ஹாசன் இசையமைச்சுப் பாடி, லோகேஷ் கனகராஜ் நடிச்சு, துவாரகேஷ் பிரபாகர் இயக்கின பாட்டு. 'லோகேஷ் ரொமான்ஸ் பண்றாராம்!'னு ஊரே ஓடிப்போய்ப் பார்த்துச்சு. அதுதான் பிரச்னையே. சிட்டி ஜோடி ஒண்ணு சேர்றது, கொஞ்சுறது, அலுக்குறது, மோதுறதுன்னு வீடியோ ஒரு உறவோட முழுச் சுத்தையும் காட்டப் பார்க்குது. ஹீரோயினுக்குக் கோபம் வருது, கருத்து இருக்கு, மேல சொன்ன மூணு வீடியோவைவிட இது நாலு படி மேல. ஆனா, கவுத்து வெச்ச போன்ல ஸ்ருதி குரலைத் தவிர எதுவும் பெருசா நிக்கலை. வந்திருந்த வி.ஐ.பி-க்கள் கூட்டத்துல பாட்டுக்கு உட்கார சேர் கிடைக்கலையோன்னு தோணுச்சு.

இதுக்கு நேரெதிர் கேஸ் பால் டப்பா - ஆஃப்ரோ கூட்டணியோட '170சிஎம்'. பால் டப்பா அடிப்படையில டான்ஸர். உயரத்தையே தலைப்பாக்கிட்டு, 'நான் இவ்ளோதான், இப்ப என்ன?'ங்கிற திமிரோட ராப் பண்றார். வாய் பண்ற அதே வேலையை உடம்பும் பண்ணுது. பாடறவர் ஒருத்தர், வாயசைக்கிறவர் இன்னொருத்தர்னு பழகின நம்ம கண்ணுக்கு இது புதுசு. பாட்டும் வீடியோவும் ஒரே ஆளோட சொத்தா இருந்தா மூணு ரவுண்ட்லயும் ஒரே ரிசல்ட்தான் வருது.

இந்த இடத்துல 'என்ஜாய் எஞ்சாமி'கிட்ட வந்தே ஆகணும். 'அட, அது 2021 பாட்டு, எத்தனை தரம் கேட்டாச்சு'ன்னு அலுத்துக்காதீங்க. புது சிங்கிள் எதைக் கேட்டாலும் இதோட பக்கத்துல வெச்சுத்தான் உயரம் பார்க்க வேண்டியிருக்கு. 2021 மார்ச் 7-ல வந்துச்சு. தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசை, அமித் கிருஷ்ணன் இயக்கின வீடியோ. வெளியிட்டது 'மாஜா'. 'என் தாயி, என் சாமி'ங்கிற கூப்பாடுதான் 'என்ஜாய் எஞ்சாமி' ஆச்சுன்னு அறிவே சொல்லியிருக்கார்.

போனைக் கவுத்து வெச்சுக் கேளுங்க. ஆட வைக்கிற பீட்டுக்கு நடுவுல ஒப்பாரி வரும். கல்யாண டி.ஜே-வுல இதுக்குக் குத்தாட்டம் போட்டவங்கள்ல எத்தனை பேருக்கு அந்த இடத்துல கால் நின்னுச்சு? ஆடிக்கிட்டே அழ வைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. இந்தப் பாட்டோட விதை அறிவோட பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்சவங்க. வெள்ளைக்காரன் காலத்துல தமிழ்நாட்டு கிராமங்கள்ல இருந்து கூட்டம் கூட்டமா அங்கே கொண்டுபோகப்பட்ட மக்களோட வம்சம். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, 'இந்த நாடு உங்களுது இல்லை, கிளம்புங்க'ன்னு லட்சக்கணக்கான பேரைத் திருப்பி அனுப்பினாங்க. தோட்டத்தை உருவாக்கினவங்களுக்கு அந்த மண்ணுல ஒரு பிடி சொந்தமில்லை. மரம் வெச்சவனுக்குத் தொண்டை காயுதுங்கிற சோகத்தைத்தான் நாம ரிங்டோனா வெச்சிருந்தோம்.

அடுத்து மியூட். ட்ரோன் ஷாட் இதுலயும் இருக்கு, காஸ்ட்யூம் பளபளப்பு இதுலயும் இருக்கு. ஆனா, கேமரா யாரை மதிப்பா பார்க்குதுன்னு கவனிங்க. சுருக்கம் விழுந்த முகங்கள், வயசான பெண்கள், கூடவே அந்தப் பாட்டி. ராணி மாதிரி உட்கார வெச்சிருக்காங்க. சத்தமே இல்லாம பார்த்தாலும் 'இது இவங்க நிலம்டா'ன்னு புரிஞ்சுடுது. வீடியோ பாட்டுக்கு முட்டுக் கொடுக்கலை, பாட்டு சொல்ற அதே விஷயத்தை வேற பாஷையில சொல்லுது. என்னைக் கேட்டா தமிழ் சிங்கிள்ஸ்ல இன்னும் இதைத் தாண்டி யாரும் போகலை.

அப்பேர்ப்பட்ட பாட்டுக்கு அப்புறம் நடந்ததுதான் வயித்தெரிச்சல். 2021 ஆகஸ்ட்டுல ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையோட அட்டையில தீ இருந்தார், கூட ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. டைரக்டர் பா.இரஞ்சித் வெளிப்படையா கேள்வி கேட்டதும் சர்ச்சை வெடிச்சு, பிறகு அறிவுக்குத் தனியா ஒரு டிஜிட்டல் அட்டை வந்துச்சு. 2022 ஜூலையில சென்னையில நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவுல தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இதே பாட்டைப் பாடினாங்க. அங்கேயும் அறிவு இல்லை. எழுதி, மெட்டமைச்சு, பாடினது நான்தான்னு அறிவு பதிவு போட, அவர் அப்போ அமெரிக்காவுல இருந்தார்னும், பாட்டு எப்படிக் கூட்டா உருவாச்சுன்னும் சந்தோஷ் நாராயணன் தரப்புல இருந்து நீளமான விளக்கம் வந்துச்சு. யார் சொல்றது சரின்னு தீர்ப்பு சொல்ல நான் ஆளு இல்லை. ஆனா, 2024 மார்ச்சுல சந்தோஷ் நாராயணன் சொன்னதுதான் தூக்கிவாரிப் போட்டுச்சு. மூணு வருஷமா பல கோடி தரம் ஓடின பாட்டுல இருந்து தனக்கும் மத்த கலைஞர்களுக்கும் காசே வந்து சேரலைன்னார்!

நிலம் யாருக்குச் சொந்தம்னு கேட்ட பாட்டுக்கே, பாட்டு யாருக்குச் சொந்தம்னு சண்டை. அதனால என் டெஸ்ட்ல நாலாவதா ஒரு ரவுண்டைச் சேர்த்துட்டேன். வீடியோவுக்குக் கீழே இருக்கற பேர்களைப் படிக்கிறது. எழுதினவர் யாரு, தாளம் போட்டவர் யாரு, கோரஸ் யாரு... அப்புறம், கடைசி வரியில யார் பேருக்குக் காப்புரிமை போட்டிருக்கு? 'மோர்' பட்டனைத் தட்டினா ரெண்டு செகண்ட் வேலை.

இப்ப எதுக்கு இவ்ளோ சீரியஸுங்கிறீங்களா? எங்க ஃப்ளோர்லயே ஒரு சிங்கிள் ரெடியாகிட்டு இருக்கு. மெக்கானிக்கல் மூணாவது வருஷப் பையன் எழுதி, அவனே மெட்டுப் போட்டது. அவங்க அம்மா ஸ்பின்னிங் மில்லுல நைட் ஷிஃப்ட் போறவங்க. விடியக்காலை வீடு திரும்புற அம்மா தலையில பஞ்சு ஒட்டியிருக்குமாம், அதைப் பார்த்து 'அம்மாவுக்கு நரைச்சுடுச்சு'ன்னு சின்ன வயசுல அழுதிருக்கான். அதுதான் பாட்டு. போன்ல ரெக்கார்ட் பண்ணின அந்த ரஃப் டிராக்கைக் கேட்டு ரூமே அமைதியாகிடுச்சு.

நாலு பேர் சேர்ந்து 40 ஆயிரம் தேத்தி வெச்சிருக்காங்க. அதுல பாதி, அவன் ஹோட்டல்ல வெயிட்டர் வேலை பார்த்துச் சேர்த்தது. ப்ளான் என்ன தெரியுமா? 30 ஆயிரம் வீடியோவுக்கு! ஈ.சி.ஆர்-ல ட்ரோன், வாடகைக்கு ஒரு கார், ஒரு மாடல் பொண்ணு. மிக்ஸிங்குக்கு மிச்சம் மீதி. 'டேய், பஞ்சாலைப் பாட்டுக்கு எதுக்குடா பீச்?'னு கேட்டா, 'அண்ணே, விஷுவல் ரிச்சா இல்லைன்னா எவன்ணே பார்ப்பான்?'கிறான். அவனைத் தப்பு சொல்லவும் முடியலை. நாம பார்த்துப் பார்த்து ஹிட்டாக்கினதைப் பார்த்துத்தானே அவன் கத்துக்கிட்டான்?

அவனுக்கு நான் போட்டுக் காட்டினது 2017 ஜனவரியில வந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்'. டி.எம்.கிருஷ்ணா பாடினது. (பாப் மேட்டர்ல கர்னாடிக்கான்னு ஜெர்க் ஆகாதீங்க. கபேர் வாசுகி எழுதின வரிகள் பக்கா மெட்ராஸ் பாஷை!) பின்னணியில எண்ணூர் அனல் மின் நிலையம். முகத்துல மாஸ்க்கோட வித்வான்கள். ஹீரோயினும் இல்லை, காரும் இல்லை. ஊருக்கே பொதுவா இருந்த நிலத்துக்குப் பேரு புறம்போக்கு. அந்த வார்த்தை எப்படி வசவாச்சு, எண்ணூர் கழிமுகம் எப்படிக் குப்பைத்தொட்டியாச்சுன்னு பாட்டு சொல்லும்போது, அவங்க நிக்கிற இடமே சாட்சி. அந்த வீடியோவை ஏ.சி. ஹால்ல எடுத்திருந்தா பாதி உசுரு போயிருக்கும். இடத்துக்கு வாடகை எவ்வளவுங்கிறதை விட, அது பாட்டோட இடமாங்கிறதுதான் கணக்கு.

'உங்க ஊர்ல விடியக்காலை மில் பஸ் வந்து நிக்குமே, அந்த ஸ்டாப்புல போனை வெச்சு எடு. 30 ஆயிரத்தையும் மிக்ஸிங்ல போடு. பஸ்ல, டூ வீலர்ல, ஓசி இயர்போன்ல எங்க கேட்டாலும் உன் குரல் தெளிவாக் கேட்கணும்'னேன். பையன் அரை மனசாத் தலையாட்டிட்டுப் போயிருக்கான். மத்த மூணு பேரும் ட்ரோன் கட்சி!

இன்னொரு பேப்பரையும் அவன் கையில கொடுத்திருக்கேன். ஒரு சின்ன லேபிள்ல இருந்து 'நாங்க ரிலீஸ் பண்றோம் தம்பி, இங்கே ஒரு கையெழுத்து'ன்னு கேட்டிருக்காங்க. 1957 காப்புரிமைச் சட்டத்துல 2012-ல ஒரு திருத்தம் வந்துச்சு. அதன்படி பாட்டு எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் தங்களோட ராயல்டி பங்கை வேற கம்பெனிக்கு விட்டுக்கொடுத்து எழுதினாலும் அது செல்லாது. வாரிசுக்கோ, ராயல்டி வசூலிக்கிற காப்புரிமைச் சங்கத்துக்கோதான் கொடுக்க முடியும். ஆனா, ரெக்கார்டிங்கோட உரிமை தனி. அது காசு போட்டுத் தயாரிச்சவருக்குப் போகும். இங்கே தயாரிச்சவன் இவனேதான், அதை எதுக்கு ஒரு கையெழுத்துல தூக்கிக் கொடுக்கணும்? காசு கொட்டும்னு கனவும் வேண்டாம். 2024-ல இருந்து ஸ்பாட்டிஃபையில 12 மாசத்துக்குள்ள 1,000 தரமாவது ஓடாத பாட்டுக்கு ரெக்கார்டிங் ராயல்டியே கிடையாது. எங்க ஹாஸ்டல் பசங்க ஆளுக்கு நாலு தரம் கேட்டாலே அதைத் தாண்டிடலாம்ங்கிறது வேற விஷயம்!

உங்க காலேஜ்லயும் இப்படி ஒரு பாட்டு ஏதாவது ரூம்ல தூங்கிட்டு இருக்கும். ரிலீஸ் பண்ணினா எங்களுக்கு எழுதுங்க, இதே பக்கத்துல நாலு ரவுண்டும் வெச்சு அலசுவோம். முதல்ல ஆடியோவை மட்டும் அனுப்புங்க மக்களே... வீடியோவை அப்புறம் பார்த்துக்கலாம்!